சுண்டிக்குளம் பறவைப் பயணத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர உதவுங்கள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

வலசைப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில், கிளிநொச்சிக் கிராமமொன்றின் இளையோரைச் சுண்டிக்குளத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்ல ஆயத்தமாகிறோம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த இடம் இவ்வளவு அருகில் இருந்தும், 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததேயில்லை. வன்னியிலேயே பிறந்து வளர்ந்த அவர்களை விளையாட்டுக் கழகங்களிலும் குளக்கட்டுகளிலும் சிலர் இன்னும் வந்தவர்களாகவே நடத்துவதால், அழைத்தாலும் ஒதுங்கி நிற்கிறார்கள். இதை வறுமை என்று மட்டும் சொல்லிக் கடப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நாட்கூலியை நம்பிய வீட்டுக்குப் பேருந்துச் செலவும் பெரிய சுமைதான்.

ஆகவே, தொலைநோக்கிகளை இரவல் தரக்கூடியவர்களும், பூநாரை முதலிய நீர்ப்பறவைகளை இனங்காட்டவும் பாதுகாப்பான பாதைகளில் வழிநடத்தவும் தெரிந்தவர்களும் தொடர்புகொள்ளுங்கள். குறிப்பாக, மலையகப் பின்னணி கொண்ட ஒருவர் வழிகாட்டியாக முன்னே நடந்தால் பிள்ளைகள் உரிமையோடு வருவார்கள். இப்படியான கலப்புக் குழுக்களை முன்பு நடத்தியவர்கள், பெற்றோரிடம் முதலில் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.