லாஸ்லெஸ் சந்தா கட்டியாச்சு, கணினியில் அது நிஜமாகவே வருகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயிலாப்பூரிலிருந்து (விண்டோஸ்):

அப்பாவுக்காகத்தான் இந்தச் சந்தாவையே கட்டினேன். அவருக்கு வயது எழுபத்து நான்கு. காலையில் காபியும் பேப்பரும் முடிந்ததும் ஒரு மணி நேரம் கச்சேரி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க எதையோ தொலைத்த மாதிரி இருப்பார். கேசட் காலத்தில் டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கேட்டவர். அவருக்கு நல்ல ஒலியில் கொடுக்க வேண்டும் என்று லாஸ்லெஸ் (சுருக்கும்போது ஒலியில் எதையும் இழக்காத முறை) உள்ள ஒரு சேவையில் சேர்ந்து, ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்றும் வாங்கினேன்.

அவர் கேட்பது என் பழைய விண்டோஸ் லேப்டாப்பில். தனியாக எந்த ஆப்பும் போடாமல் பிரவுசரிலேயே பக்கத்தைத் திறந்து, அவருக்குப் பிடித்த வித்வான்களை வரிசையாகச் சேர்த்துக் கொடுத்தேன். என் போனில் அதே ஆல்பத்தைத் திறந்தால் 'லாஸ்லெஸ்' என்ற முத்திரை தெரியும். லேப்டாப்பிலும் அதுதான் ஓடுகிறது என்று நான்கு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு டாக் வாங்கினேன். கணினியில் எண்களாக இருக்கும் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி. விரல் நீளம்தான். அதில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து எண்ணாக்கியிருக்கிறார்கள் என்பதை அது காட்டும். சிடியின் கணக்கான 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒலி வந்தால் பச்சை, 48 என்றால் நீலம், அதற்கும் மேலே போனால் சிவப்பு. எந்தக் கச்சேரியைப் போட்டாலும் நீலமே எரிந்தது. ஆல்பம் மாற்றினேன், நீலம். பாட்டை நிறுத்திவிட்டு மெயில் வந்த சத்தம் 'டிங்' என்று கேட்டபோதும் அதே நீலம். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது.

உட்கார்ந்து தேடியதில் மூன்று விஷயம் புரிந்தது. ஒன்று, நான் சேர்ந்த சேவையில் பிரவுசர் வழியாக லாஸ்லெஸ் கிடையாது, ஆப்பில் மட்டும்தான். இரண்டு, விண்டோஸ் எல்லா ஆப்களின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, சவுண்ட் செட்டிங்ஸில் என்ன ஃபார்மட் இருக்கிறதோ அதற்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். அங்கே 48000 என்று இருந்தால் 44.1-இல் வரும் பாட்டும் 48-ஆக மாறித்தான் போகும். மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்தியது. லேப்டாப்போடு வந்த 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' நான்கு மாதமாக ஆன் ஆகவே இருந்திருக்கிறது. பேஸைக் கூட்டி, குரலை முன்னால் தள்ளி, எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கியிருக்கிறது. அதை அணைத்ததும் அப்பா ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்து, "இப்போ தம்புரா பின்னாடி போய் உட்கார்ந்துடுச்சுடா" என்றார். லாஸ்லெஸ் வந்ததால் வந்த மாற்றம் இல்லை இது. அந்த ஒரு பட்டனை அணைத்ததால் வந்தது.

உங்கள் கணினியில் எப்படி இருக்கிறது? மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களும் எழுதுங்கள்.

வேளச்சேரியிலிருந்து:

சார், நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், எதையும் ஒவ்வொரு மெஷினிலும் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூனிலிருந்து லாஸ்லெஸ் உண்டு, தனிக் கட்டணம் இல்லை. சிடி தரத்தில் தொடங்கி 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும். விண்டோஸில் பழைய ஐடியூன்ஸ் வழியாகக் கேட்டால் கிடையாது. 2024 பிப்ரவரியில் முழுமையாக வெளிவந்த தனி ஆப்பிள் மியூசிக் ஆப்பைப் போட வேண்டும். பிரவுசரில் 256 கேபிபிஎஸ் ஏஏசி தான், அதாவது கொஞ்சம் இழந்து சுருக்கிய ஒலி. லினக்ஸுக்கு அவர்களுடைய ஆப்பே கிடையாது.

ஸ்பாட்டிஃபை 2021-இலேயே அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் கொண்டுவந்தது. 24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (லாஸ்லெஸ் கோப்பு வகை), அதற்கு மேல் இல்லை. இந்தியாவில் பிளாட்டினம் திட்டத்தில் இருந்தால்தான் வரும். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. போனில் லாஸ்லெஸ் ஆன் செய்தால் கணினியிலும் தானாக ஆன் ஆகாது, ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். டைடல், கோபஸ் என்ற வேறு இரண்டு லாஸ்லெஸ் சேவைகளும் இந்தியாவில் முறைப்படி வரவில்லை, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

விண்டோஸில் ஃபார்மட் மாற்ற: செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், பிறகு உங்கள் டாக்கின் பெயரைத் தொட்டால் ஃபார்மட் என்று வரும். அப்பா கேட்பது பெரும்பாலும் சிடியிலிருந்து ஏற்றிய கச்சேரிகள் என்றால் 24 பிட் 44100 வைத்துவிடுங்கள். என்ஹான்ஸ்மென்ட்டை அணைப்பதும் அதே பக்கத்தில்தான். விண்டோஸ் பெரிய அப்டேட் போட்டதும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். என் லேப்டாப்பில் இரண்டு தடவை பழையபடி மாறியிருந்தது.

நங்கநல்லூரிலிருந்து (மேக்):

நான் பதினோரு வருடமாக மிருதங்கம் கற்கிறேன். என் கவனம் எப்போதும் தனி ஆவர்த்தனத்தில்தான். சாப்பு விழும் அந்த முதல் நொடித்துளி மழுங்கினால் எனக்குப் பாட்டே மழுங்கின மாதிரி.

மேக் இதில் எளிது என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஒலியின் ரேட்டைப் பாட்டுக்குப் பாட்டு அது தானாக மாற்றாது. 'ஆடியோ மிடி செட்டப்' என்ற ஆப் உள்ளேயே இருக்கிறது, அதில் போய் நாம்தான் 44.1, 48, 96 என்று மாற்ற வேண்டும். ஐபோனில் டாக் செருகினால் இது தானாக நடக்கிறது, அதனால் மேக்கில் இப்படி இருப்பது மனசுக்கு ஆறவில்லை. இதைத் தானாகச் செய்ய 'லாஸ்லெஸ் ஸ்விட்ச்சர்' என்று வெளியார் எழுதிய ஒரு குட்டி நிரல் இருக்கிறது. பாட்டு தொடங்கி ஒரு கணம் கழித்துத்தான் மாறும், ஆலாபனையின் முதல் மூச்சு அறுபடும். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் 44.1-லேயே வைத்துவிட்டேன்.

இன்னொன்று, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறதா என்று சோதித்தேன். என் சிடி ஒன்றிலிருந்து கஞ்சிராவும் கடமும் வரும் ஒரு பகுதியை ஃப்ளாக்காகவும், 256 ஏஏசியாகவும், 128 எம்பி3யாகவும் மாற்றி, அண்ணன் விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பாட்டு கேட்கும் நிரலைப் போட்டு, எது எது என்று காட்டாமல் கேட்க வைத்தான். எம்பி3யை 16 தடவையில் 15 தடவை சரியாகச் சொன்னேன். கஞ்சிராவின் அடி விழுவதற்கு முன்னாலேயே 'ஸ்ஸ்' என்று ஒரு தூசு பறப்பது போலக் கேட்கும். சுருக்கும்போது வரும் பிழை அது, கூர்மையான அடிகளில்தான் பிடிபடும். 256 ஏஏசியில் 16-க்கு 9. ஊகத்தில் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அதனால் சார், அந்த நான்கு மாதத்தில் அப்பா பெரிதாக எதையும் இழக்கவில்லை, மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். அந்த என்ஹான்ஸ்மென்ட்தான் கெடுத்திருக்கிறது.

தாம்பரத்திலிருந்து:

கணினி இல்லை, போன் அனுபவம்தான். தினம் 1.5 ஜிபி டேட்டா பிளான். தாம்பரம் டு எழும்பூர் ரயிலில் ஹை-ரெஸ் (சிடியை விட உயர்ந்த தர லாஸ்லெஸ்) போட்டுக் கேட்டேன், கிண்டி தாண்டியதும் பாதி டேட்டா தீர்ந்துவிட்டதாக மெசேஜ். ஆப்பிள் கணக்குப்படி மூன்று நிமிடப் பாட்டு சாதாரணமாக 6 எம்பி, லாஸ்லெஸில் 36, ஹை-ரெஸில் 145. ஒரு மணி நேரத்துக்கு 20 பாட்டு என்றால் கிட்டத்தட்ட 3 ஜிபி. அதுவும் நான் கேட்டது புளூடூத் இயர்போனில், அது எப்படியும் திரும்பச் சுருக்கித்தான் காதுக்குத் தரும். இப்போது வெளியே போனால் சாதாரணத் தரம், வீட்டு வைஃபையில் மட்டும் லாஸ்லெஸ்.

பெரம்பூரிலிருந்து (லினக்ஸ்):

லினக்ஸ்காரர்களை எந்தச் சேவையும் முழுதாகக் கண்டுகொள்வதில்லை, இதைக் கோபத்தோடு அல்ல, உண்மையான வருத்தத்தோடு சொல்கிறேன். ஆப்பிள் மியூசிக்குக்கு வெளியார் எழுதிய அழகான ஆப்கள் உண்டு, எல்லாம் 256 ஏஏசியோடு நின்றுவிடும்.

அதனால் நான் வேறு வழி எடுத்தேன். மார்கழி சீசனில் சபா வாசல் கடைகளில் இருபது வருடமாக வாங்கின சிடிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. பாதிக்கு மேல் எந்தச் சேவையிலும் கிடையாது. அம்மா உறையை எடுத்துத் துடைத்துக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாக ஃப்ளாக்கில் ஏற்றினேன். மூன்று வாரம் ஆனது. நம்மூர் ஈரக்காற்றில் சில தட்டுகளின் ஓரம் வெளிறியிருந்தது. அவற்றை மெதுவான வேகத்தில் மறுபடி மறுபடி படிக்க விட்டேன். ஏற்றினதை அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், உலகத்தில் வேறு யாராவது அதே சிடியை ஏற்றியிருந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை என்று தெரிந்துவிடும். நம் சின்னக் கம்பெனி கர்நாடக சிடிகள் பல அதில் இல்லை. அவற்றை இரண்டு தடவை ஏற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டேன்.

இப்போது அத்தனையும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், நம் பாட்டுகளை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் நேவிட்ரோம் என்ற நிரல் வழியாக ஓடுகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், போன், எதிலிருந்து திறந்தாலும் அதே ஃப்ளாக். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் ஆரம்பத்தில் 48000-இலேயே இருக்கும். அனுமதிக்கும் ரேட்டுகளில் 44100-ஐயும் சேர்த்தால் பாட்டுக்கேற்ப மாறிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. லாஸ்லெஸ் முத்திரை இருந்தால் மூலமும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. நான் ஒரு இணையக் கடையில் காசு கொடுத்து இறக்கின ஒரு பழைய திரைப்பாட்டு ஃப்ளாக்கை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற நிரலில் திறந்து பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சுவர் வைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. எம்பி3யை எடுத்து ஃப்ளாக் உறையில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பாட்டை விரும்பி வாங்குகிறவனுக்கு இப்படிச் செய்யக் கூடாது.

மயிலாப்பூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நங்கநல்லூர் சகோதரி சொன்னது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. நேற்று ராத்திரி விண்டோஸ் ஆப்பைப் போட்டேன், ஃபார்மட்டை 44100-க்கு மாற்றினேன், என்ஹான்ஸ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். பெரம்பூர் சார், அப்பாவின் சிடிகளும் பரணில் இருக்கின்றன, பொங்கல் லீவில் ஏற்ற ஆரம்பிக்கிறேன். அவருடைய கேசட்டுகளை என்ன செய்வது என்று யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், அதில் அவர் ரேடியோவிலிருந்து தானே பதிவு செய்தவையும் உண்டு.

காலையில் அப்பா காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டுவதற்கு முன் டாக்கைக் காட்டி, "என்னடா, விளக்கு பச்சையா எரியுது?" என்றார். சிடி கணக்கில் வருகிறது அப்பா என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.