ப்ரோபாக்ஸில் பி0135: ரெண்டு சென்சாரையும் மாத்தணுமா?

யாங்கூன் டாக்சி:
அண்ணன்மார்களே, வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1.5 லிட்டர். மழை தொடங்கியதிலிருந்து எஞ்சின் விளக்கு அணையவில்லை. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதில் பி0135 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தது. "முன்னாடி, பின்னாடி ரெண்டு ஆக்சிஜன் சென்சாரையும் மாத்துங்க, கேட்டலிட்டிக்கும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போயிருக்கும்" என்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு இப்போது எங்கே போவது?

பகோ மெக்கானிக்:
பணத்தை உள்ளே வையுங்க தம்பி. கேட்டலிட்டிக்குக்கு வேறு கோடு, பி0420. பி0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து சொல்லும் இந்த சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாகத்தான் உள்ளே ஹீட்டர். அது எரியாவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். யாங்கூன் டிராஃபிக்கில் நின்று நின்று போகிற டாக்சிக்குக் கேட்கவே வேண்டாம்.

சர்க்யூட் என்றால் ஃபியூஸ், வயர், கனெக்டர் எல்லாம் அடக்கம். மழைத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்க. அப்புறம் மல்டிமீட்டர். சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்தான் ஹீட்டர். டென்சோ கம்பெனி சென்சாரில் பெரும்பாலும் கறுப்பு. எஞ்சின் ஆறியபின் அளந்தால் சில ஓம் காட்டணும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. வண்டிப் பக்கம் சாவியை ஆன் செய்து 12 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்க. வராவிட்டால் ஃபியூஸைத் தேடுங்க, சென்சார் பாவம்.

மௌல்மியின்காரர்:
ஜப்பான் செகண்ட் ஹேண்ட் சாமான் கடையில் எடுத்துப் போடுங்க. நான் அப்படித்தான் போட்டேன், ஓடுது.

பகோ மெக்கானிக்:
கதவு, பம்பர் என்றால் நானும் அதையே சொல்வேன். சென்சார் தேய்கிற சாமான், அண்ணே. ஏற்கெனவே எவ்வளவு ஓடியதோ யாருக்குத் தெரியும்?

யாங்கூன் டாக்சி:
கனெக்டர் சுத்தம், ஃபியூஸ் சரி, 12 வோல்ட் வருது. சென்சார் பக்கம் மீட்டர் அசையவே இல்லை. புதுசு வாங்கலாமென்று பழையதைக் கழற்றப் பார்த்தால் அதுவும் அசையவில்லை.

பகோ மெக்கானிக்:
முரட்டுத்தனமாகத் திருகாதீங்க, மரை போய்விட்டால் செலவு வேறு. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்க. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி நிறுத்திவிட்டு, வயர் போக வெட்டு உள்ள 22 மி.மீ. சாக்கெட்டைப் போடுங்க. கையுறை கட்டாயம்.

வாங்கும்போது பழையதில் உள்ள பாக எண்ணைக் காட்டி வாங்குங்க. முன்னால் ஆக்சிஜன் சென்சாருக்குப் பதில் ஏர்-ஃப்யூவல் சென்சார் வருகிற வண்டிகளும் உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வேலைக்காகாது. புதியதின் மரையில் பேஸ்ட் தடவியே வந்தால் அதுவே போதும். இல்லையென்றால் மரை இறுகிப்போகாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்டை மரையில் மட்டும் தடவுங்க, நுனியில் படவே கூடாது. சிலிக்கான் பசையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க, அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

யாங்கூன் டாக்சி:
போட்டாச்சு அண்ணே. பிழைக் குறியீட்டை அழித்தபின் விளக்கு வரவில்லை. பின் சென்சாரையும் இதோடு மாற்றிவிடட்டுமா?

பகோ மெக்கானிக்:
எதற்கு? அதன் முக்கிய வேலை கேட்டலிட்டிக்கைக் கவனிப்பது. அதற்கென்று கோடு வந்தால் அப்போது பார்க்கலாம்.