ஆபிசர் ஆக்கிய ஓராண்டுக்குள் ராஜினாமா: மலேசிய வங்கிக் கிளைகளில் பார்த்தது (ஊர், தெருப் பெயர்களைப் புனைபெயராக வைத்து நால்வர் பேசியது)

லெபோ அம்பாங்:
கோலாலம்பூர் கிளைகளில் அடிக்கடி நடக்கிறது. பத்து வருடம் கிராணியாக (எழுத்தராக) ஓடியவர் ஆபிசர் ஆனதும் கிளம்பிவிடுகிறார். 'பொறுப்பு தாங்க முடியவில்லை' என்று மேலிடம் எழுதும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை.

கிராணிச் சம்பளம் 3,500 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மாதத்தின் 26 வேலை நாளால், பிறகு நாளுக்கு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 16.83. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 25.24. மாதம் 30 மணி நேரம் பார்த்தால் 757, மொத்தம் 4,257. ஆபிசராக 4,100 கொடுக்கிறார்கள். 4,000 வெள்ளியைத் தாண்டினால் சட்டப்படியான ஓவர்டைம் உரிமை கிடையாது. 600 வெள்ளி ஏற்றம் என்று கேக் வெட்டிய மாதத்திலேயே வருமானம் 157 குறைகிறது. ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடித்தம் இல்லை, புதுச் சம்பளத்துக்கு 11 சதவீதம் உண்டு. ஆகவே கையில் குறைவது 223. சேமநிதியில் ஏறும் 66 அவருடைய காசுதான், ஆனால் அதை வைத்து இந்த மாதக் கார் தவணை கட்ட முடியாது.

பதவிக் கடிதம் அடிக்கும் முன் கடைசி 6 மாத ஓவர்டைம் சராசரியை எடுங்கள். தொடக்கச் சம்பளம் அதையும் சேர்த்த தொகைக்கு மேலே இருக்க வேண்டும். சம்பளப் படிநிலை இடம் கொடுக்காவிட்டால் 12 மாதத்துக்காவது நிலையான அலவன்ஸ் போடலாம்.

பட்டர்வொர்த் ஃபெரி:
கணக்கு சரி அண்ணா. கிளம்பாமல் இருப்பவர்களையும் பாருங்கள். பாதிப் பேரைப் பிடித்து வைத்திருப்பது ஊழியர் வீட்டுக்கடன், அதாவது வேலையில் இருக்கும்வரை வங்கி குறைந்த வட்டியில் கொடுக்கும் கடன். 400,000 வெள்ளி பாக்கி, 30 ஆண்டு என்றால் 3 சதவீதத்தில் தவணை 1,686. விலகியபின் 4.25 ஆகிவிட்டால் 1,968. அந்த 282 வெள்ளிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவரையும் 'விசுவாசமான ஊழியர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்! கவுண்டரில் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் காலத்தில் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளுக்கு (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) செட்டியார்கள் மேலாளை, அதாவது கடையை நடத்தும் ஏஜென்டை, மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பினார்கள். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பலாம். போகும் நாள் தெரிந்திருந்தது. இன்றைய கிளையில் ஒருவர் எப்போது இடம் மாறுவார் என்று மேனேஜருக்கே தெரியாது.

செந்தூல் சாலை:
போனஸ் விஷயம். பணம் கொடுக்கும் நாளில் விலகல் நோட்டீஸில் இருக்கக்கூடாது என்று பல இடங்களில் நிபந்தனை. அதனால் போனஸ் ஏறிய மறுநாள் கடிதங்கள் வரும். விலகல் நேர்காணல் அதற்குப் பிறகு நடக்கிறது. அந்த நேரத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், வேலைச் சான்று வேண்டுமே. பேச வேண்டுமென்றால் போனஸுக்கு மூன்று மாதம் முன்பே பேசுங்கள். 'ஏன் போகிறீர்கள்' என்று கேட்காமல், 'போன வாரம் எத்தனை நாள் ஏழு மணிக்கு மேல் இருந்தீர்கள்' என்று கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம்:
2023 ஜனவரி முதல் நெகிழ்வு வேலை நேரத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். விண்ணப்பம் மேனேஜர் மேசை டிராயரிலேயே தூங்கிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. நகலை மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தேதி பதிவாகும்படி பாருங்கள்.

லெபோ அம்பாங்:
மேலே போட்ட 26, 8 கணக்கு சட்டத்தின் அடிமட்டம். தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் விகிதம் வேறாக இருந்தால் அதை வைத்துப் போடுங்கள்.