ஆம்ப் சிமுலேட்டர்: வீட்டுக்கு எது, மேடைக்கு எது? உங்கள் அனுபவம்

திருச்சி ஆறுதந்தி:

அண்ணன்மாரே, இத்தனை நாளும் ஒரு சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது லேப்டாப்பில் ஆம்ப் சிமுலேட்டர், அதாவது கிட்டார் ஆம்ப்பின் ஓசையை சாஃப்ட்வேரிலேயே கொண்டுவருகிற சமாச்சாரம், போடலாம் என்று யோசனை. நண்பர்களோடு மேடை ஏறும் வாய்ப்பும் வரும்போல இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். வாங்கி வாசித்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை மெல்லிசை:

தம்பி, எந்த சாஃப்ட்வேர் என்று கேட்பதற்கு முன்னால், சத்தம் கடைசியில் எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வரப்போகிறது என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

நான் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் வாசிப்பவன். அங்கே கிட்டார் ஆம்ப் என்ற பேச்சே கிடையாது. மைக் செட்காரர் ஒரு ஜாக்கை நீட்டுவார், அது நேராக மிக்சருக்குப் போகும். மானிட்டர் ஒன்று இருந்தால் அது பாடகர் காலடியில் இருக்கும். ஆகவே ஆம்ப், கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி), அதன் முன்னால் வைக்கிற மைக் மூன்றின் வேலையும் நம் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். வெறும் டிஸ்டார்ஷன் பெடலை மிக்சரில் மாட்டினால் காதருகே கொசு பறக்கிற மாதிரி இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெருமளவு விழுங்கிவிடும்; பிஏ ஸ்பீக்கர் (மைக் செட்டின் பெரிய ஸ்பீக்கர்) ஒன்றையும் விழுங்காமல் வெளியே தள்ளும், அதுதான் காரணம். கேபினட் ஐஆர் என்பது ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் ஓசைத்தன்மையைப் பதிந்துவைத்த ஃபைல்; அது செய்வது பெரும்பாலும் அந்த விழுங்கும் வேலையைத்தான். ஆம்ப் மாடலை மாற்றிப் பார்ப்பதைவிட ஐஆரை மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் பெரிசாகத் தெரியும்.

அடுத்த தொல்லை வால்யூம். ராத்திரி ஹெட்போனில் உட்கார்ந்து செய்த பேட்ச் (சேமித்துவைத்த ஓசை அமைப்பு) அவ்வளவு அழகாக இருக்கும். அதையே மேடையில் போட்டால் அடியில் குமுறும், மேலே கீச்சிடும், நடுவில் கிட்டாரையே காணோம். 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய சமாச்சாரம் இது. மெல்லிய சத்தத்தில் காதுக்கு பேஸும் உச்சியும் சரியாக எட்டாது. அதனால் வீட்டில் இரண்டையும் நம்மை அறியாமல் ஏற்றி வைத்துவிடுகிறோம். மேடையிலோ பேஸ் கிட்டாரும் கிக்கும் அடியை எடுத்துக்கொள்ளும், கீபோர்டு இரண்டு கையாலும் நடுவை அடைத்துக்கொண்டிருக்கும். இப்போது என் பேட்சுகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மேல் வெட்டு, மிட் தூக்கல். கெயின், அதாவது ஓசையைக் கரகரப்பாக்குகிற குமிழ், வீட்டில் வைப்பதில் ஏறக்குறைய பாதி. ரிவெர்ப் கிட்டத்தட்ட இல்லை, அதை மைதானமே கொடுத்துவிடும். தனியாகக் கேட்டால் வறட்சியாக இருக்கும், பாட்டோடு சேர்ந்தால் தெளிவாக நிற்கும். ஒத்திகையின்போது பிஏ ஸ்பீக்கரை நிஜமான சத்தத்தில் வைத்துத்தான் பேட்சைத் தொடுகிறேன்.

கரண்ட் விஷயத்தை எந்த ரிவ்யூ வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். ஓர் ஆடித் திருவிழாவில் லைன் போய் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். இருட்டு கண்மூடித் திறக்கும் நேரம்தான். மைக்குக்கு உயிர் வந்ததும் தபேலாக்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். கீபோர்டுகாரர் காலடியில் குட்டி யுபிஎஸ் ஒன்று வைத்திருந்தார், அவருக்கும் கவலை இல்லை. என் மல்டி எஃபெக்ட்ஸ் மட்டும் திரையில் கம்பெனி சின்னத்தைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக எழுந்தது. எழுந்ததும் முதல் பேட்சில் போய் நின்றது, அதாவது சுத்தமான க்ளீன். சரி என்று சோலோவின் முதல் இரண்டு வரியை க்ளீனிலேயே வாசித்தேன். கீபோர்டுகாரர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். இப்போது பையில் பாஸ் ஜிடி-1 என்ற சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றும் கிடக்கிறது. நாலு பென்டார்ச் செல்லில் ஓடும். சத்தத்தில் பெரிய பெட்டிகளுக்கு ஈடில்லைதான், ஆனால் ஜெனரேட்டர் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.

மாடிவீட்டு கிட்டார்:

மேடை அனுபவம் எனக்குக் குறைவு. வீட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன். சென்னையில் ஃபிளாட், கீழ்வீட்டில் கைக்குழந்தை. ஆம்ப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

முதல் செலவு சாஃப்ட்வேருக்கு வேண்டாம், கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸுக்குச் செய்யுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் மாற்று ஜாக் போட்டு கிட்டாரை மாட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிக்கப்புக்கு எதிரே 1 மெகாஓம் அளவில் ஒரு இன்புட் இருக்க வேண்டும்; 10 கிலோஓம் லைன் இன்புட்டில் செருகினால் உச்சி ஓசை செத்துவிடும். அதற்கப்புறம் எத்தனை விலை கொடுத்து வாங்கிய பிளக்இன் சாஃப்ட்வேரும் அதை எழுப்பாது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி சின்னப் பெட்டிகளில் கிட்டாருக்கென்றே 'இன்ஸ்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டே ஆக வேண்டும். பலமாக ஒரு கார்டு அடிக்கும்போதும் சிவப்பு விளக்கு வராத அளவுக்கு கெயினை இறக்குங்கள். டிஜிட்டலில் இந்த இடத்தில் வருகிற கிளிப்பிங் (அளவு மீறி ஓசை உடைவது) அசிங்கமாக இருக்கும்.

அப்புறம் லேட்டன்சி, அதாவது தந்தியைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவிலான தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்தெடுக்கும் சாம்பிள்) 128 என்றால் ஒரு வழிக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட். போக வர 5.3, மேலே இன்டர்ஃபேஸும் டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே ஒலி காதுக்கு வர 10 மில்லிசெகண்ட் ஆகிறது, ஆகவே அந்த அளவுக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். 512-இல் வைத்தால் 21-ஐத் தாண்டிவிடும், விரல் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாகத் தெரியும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தருகிற ஏஎஸ்ஐஓ டிரைவரையே போடுங்கள், தாமதம் குறைவாக இருக்கும்.

சாஃப்ட்வேருக்கு வந்தால், இலவசத்தில் ஆரம்பியுங்கள் என்பதுதான் என் கட்சி. நியூரல் ஆம்ப் மாடலர் ஓப்பன் சோர்ஸ், காசு கேட்காது. நிஜ ஆம்ப்களைப் பதிவுசெய்து ஆட்கள் பகிர்ந்த கேப்சர்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரே குறை, கேப்சர் என்பது ஆம்ப்பில் எல்லாக் குமிழும் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த அச்சு. கெயினை ஏற்றினால் நிஜ ஆம்ப்பின் கெயின் ஏறிய மாதிரி இருக்காது, வேறு கேப்சர்தான் தேட வேண்டும். பல கேப்சர்களில் கேபினட்டும் இருக்காது, ஐஆர் தனியாகப் போட வேண்டும். இந்த வேலையெல்லாம் பிடிக்காது, திறந்தவுடன் நன்றாக இருக்க வேண்டும் என்றால் நியூரல் டிஎஸ்பி கம்பெனியின் பிளக்இன்கள். 14 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஆம்ப்ளிட்யூப் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் சாமான் அதிகம், சேர்த்து வைக்கிற ஆசை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. என் நண்பர் ஒருவர் நாலைந்து பிளக்இன் வாங்கி வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் பிரீசெட் புரட்டுவதிலேயே சாயந்திரம் போய்விடுகிறது, வாசிக்கக் கேட்டதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒரு 'ர்ர்ர்ர்' வந்தால் கிட்டாரைத் திட்டாதீர்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சிங்கிள் காயில் பிக்கப் அப்படித்தான் கத்தும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், கொஞ்சம் அடங்கும்.

பாளையங்கோட்டை கொயர்:

எங்கள் சர்ச்சில் நடந்தது. புதிதாக வந்த தம்பி நல்ல மல்டி எஃபெக்ட்ஸ் கொண்டுவந்து, அங்கே இருந்த கிட்டார் ஆம்ப்பின் முன் இன்புட்டில் செருகினார். போர்வைக்குள்ளிருந்து வருகிறது சத்தம். பெட்டி மோசம், விற்றுவிடுகிறேன் என்றார். பெட்டிக்குள் ஒரு ஆம்ப்பும் கேபினட்டும், வெளியே இன்னொரு ஆம்ப்பும் கேபினட்டும் என்று இரண்டு சுற்று ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெட்டியில் கேபினட் சிமுலேஷனை அணைத்து, வயரை ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (ஆம்ப்பின் முன்பகுதியைத் தாண்டி நேராகப் பவர் ஆம்ப்புக்குப் போகும் ஓட்டை) மாற்றினோம். பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பாஸ் கட்டானா 50 எம்கே 2 ஆம்ப்பில் இதற்கு 'பவர் ஆம்ப் இன்' என்று தனி ஓட்டையே உண்டு. இப்போது அவர் ஆம்ப்பையும் விட்டுவிட்டு நேராக மிக்சருக்குப் போய் காதில் இன்-இயர் மானிட்டர் (காதுக்குள் வைக்கிற இயர்போன்) போட்டுக்கொள்கிறார். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் சத்தம் குறைந்ததில் போதகருக்கு ஏக சந்தோஷம்.

வால்வு பைத்தியம்:

எல்லாரும் சொல்வது சரி, நானும் லைன் 6 கம்பெனியின் பாட் என்ற ஆம்ப் சிமுலேட்டர் பெட்டி 1998-இல் வந்த காலத்திலிருந்து இந்தப் பெட்டிகளைப் பார்க்கிறேன். ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஆம்ப் முதுகுக்குப் பின்னால் நின்று உறுமும்போது கிட்டார் உடம்பே அதிரும், ஒரு சுரத்தைப் பிடித்தால் ஃபீட்பேக்கில் அது நிற்கும். இன்-இயரில் எத்தனை நல்ல மாடலும் அதைத் தராது. அதற்குக் காற்றைத் தள்ளுகிற ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, மறுபக்கமும் உண்டு. ஃபெண்டர் மறுபதிப்பாகக் கொண்டுவந்த '65 ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப் 29 கிலோ. ஃபெண்டரே 2019-இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் ட்வின், அதே முகம், உள்ளே டிஜிட்டல், எடை 15 கிலோ. மாடிப்படி ஏறுகிற வயது தாண்டிய பிறகு எனக்கே அதன் மேல் கண் விழுந்திருக்கிறது. தம்பி, மாடலர் (ஆம்ப் சிமுலேட்டர் பெட்டி) வாங்கினாலும் ஒரு எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கரை, அதாவது எல்லா ஓசையையும் மாற்றாமல் அப்படியே தருகிற ஸ்பீக்கரை, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட்காரர் மானிட்டரில் கிட்டாரை விடுவார் என்று நம்பி மேடை ஏறாதீர்கள்.

திருச்சி ஆறுதந்தி:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. அப்போ இன்டர்ஃபேஸும் இலவச சாஃப்ட்வேரும் இந்த மாசம். மேடைக்கு அந்த லேப்டாப்பையே கொண்டுபோனால் என்ன?

கோவை மெல்லிசை:

கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போக மாட்டேன். யாராவது வயரில் கால் இடறினாலும், பாட்டு நடுவில் விண்டோஸ் அப்டேட் கேட்டாலும், அங்கே நமக்கு உதவ ஆள் இல்லை. முதல் ஓரிரு மேடைக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸை வாடகைக்கோ இரவலோ வாங்குங்கள், பிடித்தால் அப்புறம் பழையதாகத் தேடலாம். லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி ஒரு பெட்டியைச் சின்னதாகத் தெரிகிறதே என்று எடுத்தால் அதன் அடாப்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும், சாதாரண பெடல் அடாப்டரில் உயிர் வராது. கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள ஒரு டிஐ பாக்ஸும் (நம் பெட்டியை மிக்சருடன் இணைக்கும் சின்னப் பெட்டி), நீளமான எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக் கேபிள்) ஒன்றும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட்காரரிடம் இருக்கிற கேபிள் எல்லாம் மைக்கில் மாட்டியிருக்கும்.