பர்ஃபர்ட் கல்லறை மாதிரி ஒண்டு: கொழும்பில எந்தக் கல்லில வெட்டலாம்?

பொரளைக் கல்வேலை:
பொரளைக் கனத்தை மயானத்துக்குப் பக்கத்தில கல்லறைக் கல் வெட்டுற ஆள் நான். போன கிழமை ஒரு அம்மா வந்து, இங்கிலாந்தில பர்ஃபர்ட் எண்ட ஊரில மகன் எடுத்த படங்களைக் காட்டினா. நீளப் பெட்டி. அதுக்கு மேல, உருளையை நெடுக்காப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு கல், முழுக்க வரி வரியா, முனையில சிப்பி. ஐயாவுக்கு இதுதான் வேணுமாம். கறுப்புக் கிரானைட் காட்டினன், முகத்தைச் சுளிச்சுப்போட்டா. அந்த வெளிர் மஞ்சள் கல் என்ன? வரிக்கு அர்த்தம் இருக்கோ? பெட்டி உள்ளுக்கு வெறுமையோ, நிரப்பினதோ? பாரம் தெரியாமல் விலை சொல்ல ஏலாது.

செல்ட்னம்வாசி:
அண்ணை, அது கொட்ஸ்வோல்ட் எண்ட எங்கட மலைப்பக்கத்துச் சுண்ணக்கல். கிட்டப் பார்த்தா மீன் சினை போல மணி மணியாத் தெரியும். தோண்டி எடுத்த புதுசில மெதுவா இருக்கும், உளி லேசா ஓடும். காயக் காய இறுகும். அதாலதான் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கல்தச்சர்மார் தேவதை முகம், மண்டையோடு, பழக்கொத்து எண்டு ஆசை தீரச் செதுக்கியிருக்கினம். இங்க பக்கத்து ஊர் பெயின்ஸ்விக்கில, கிறிஸ்தவக் கோயில் வளவிலயும் யூ எண்ட பசுமை மாறா மரங்களுக்கு நடுவில நிறைய இருக்கு. பெட்டி வெறும் கூடு. உடம்பு நிலத்துக்குக் கீழ.

வரியைக் கம்பளிப் பொதி எண்டுதான் கனபேர் சொல்லுவினம், ஏனெண்டா அது கம்பளியால காசு கண்ட ஊர். கம்பளி சுத்தின பிரேதம் எண்டும் ஒரு கதை. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. கம்பளி வியாபாரம் படுக்கக்கூடாது எண்டு, பிரேதத்தைக் கம்பளியிலதான் புதைக்கவேணும் எண்டு 1666இல சட்டமே போட்டவங்கள். மீறினா 5 பவுண் தண்டம், அதில பாதி காட்டிக்குடுத்தவனுக்கு! 1814இலதான் அதை எடுத்தவை.

தெகிவளை மேசன்:
அண்ணை, பலகைக் கல்லுகளைப் பிணைக்க உள்ளுக்கு இரும்புக் கொக்கி போட்டுடாதேங்கோ. பழைய பெட்டிக் கல்லறைகள் பிளக்கிறதே அதாலதான்: இரும்பு துருப்பிடிச்சு வீங்கும், மூலைக் கல் வெடிக்கும். எங்கட உப்புக்காத்துக்குக் கேக்கவும் வேணுமே! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கோ. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் பொத்தல் பொத்தலா இருக்கும், மெல்லிய வரி நிக்காது. நாட்டுக் கருங்கல்லில சாம்பல் நிறமாப் பார்த்து எடுங்கோ. மினுக்க வேண்டாம், உளி அடிச்சபடி விட்டாத்தான் வரியில நிழல் விழும். எழுத்துக்கு ஒருக்கா கொழும்பில இருக்கிற பழைய ஒல்லாந்தர் தேவாலயம், வுல்பெண்டால் கோயிலுக்குப் போய், தரையில பதிச்ச ஒல்லாந்தர் கல்லுகளைப் பாருங்கோ.

பொரளைக் கல்வேலை:
நல்லது தம்பிமார். மண்டையோடு கதையை மட்டும் அம்மாவுக்குச் சொல்லமாட்டன். சின்னத் துண்டில வரி வெட்டிப் படம் போடுறன். பாதி உருளைக்கு ஒரே கல்தான் வேணுமோ, இரண்டு துண்டு பொருத்தலாமோ?