உயில் ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, ஆனா பட்டா மாத்த மாட்டேங்குறாங்க. அவசரம்

மல்லி:
அப்பா உயில் எழுதி, ரெஜிஸ்டரும் பண்ணிட்டுத்தான் இறந்தார். நிலம் எனக்கு. பட்டா மாறுதலுக்கு ஆன்லைன்ல மனு போட்டேன், நிராகரிச்சுட்டாங்க. ரெஜிஸ்டர் ஆன உயிலையே ஏத்துக்கலைன்னா வேற என்னதான் பண்றது? மேல யாருக்கு மனு போடணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நிலவரம்:
நிராகரிப்பு உத்தரவுல காரணம்னு ஒரு வரி இருக்கும், அதை அப்படியே டைப் பண்ணுங்க மேடம். கூடவே, நிலம் அப்பா கிரயம் வாங்கினதா, பூர்வீகமா? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அம்மா இருக்காங்களா? நிலம் இப்ப யார் அனுபவத்துல இருக்கு?

கரிசல்:
முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க. அதுல உயில் வரலைன்னா பதிவுலயே ஏதோ கோளாறு.

பழைய_ஆவணம்:
கரிசல், எழுதும் முன் பதிவுச் சட்டத்தை ஒருமுறை படியுங்கள். பதிவு அலுவலகத்தில் உயில் பதிவாவது 3ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று, கிரயம் போன்ற சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தின் அட்டவணையிலிருந்து எடுப்பது. உயில் அதில் வராததற்குக் கோளாறு காரணம் இல்லை. எழுதியவர் இறந்தபின், இறப்புச் சான்றைக் காட்டி யார் விண்ணப்பித்தாலும் உயிலின் நகல் கிடைக்கும். இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

கோடைமழை:
இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது, உயிலே வேண்டாம், உயிரோட இருக்கும்போதே செட்டில்மென்ட் (தானமா எழுதிக் கொடுக்கற பத்திரம்) எழுதிடணும். பட்டாவும் உடனே மாறிடும்.

நிலவரம்:
இறந்தவர் இனி செட்டில்மென்ட் எழுத முடியாதே. தவிர அது எல்லாருக்கும் சரிவராது. எழுதின அன்னிக்கே சொத்து கைமாறிடும், நினைச்சா ரத்து பண்ண முடியாது. எழுதற பெரியவங்க "என்னைக் கடைசிவரை பராமரிக்கணும்"னு பத்திரத்துலயே ஒரு நிபந்தனை போட்டுக்கணும். அப்பதான் பின்னாடி கவனிக்கலைன்னா, பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவுல போய் நிக்க பலம் இருக்கும்.

மல்லி:
காரணம்: "வாரிசுதாரர் ஆட்சேபணை உள்ளதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்". அண்ணன் ஒருத்தர், அவர்தான் ஆட்சேபணை கொடுத்தது. அம்மா இல்லை. 1991ல அப்பா கிரயம் வாங்கின புஞ்சை. நாங்க இந்து. சாட்சி ரெண்டு பேர், அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்.

கரிசல்:
வீட்டுக்காரரா? அப்ப உயில் உங்களைப் பொறுத்தவரை செல்லாதுங்க. வாரிசுரிமைச் சட்டம் 67ஆம் பிரிவு: சாட்சிக்கோ சாட்சியோட கணவன், மனைவிக்கோ எழுதி வச்சது செல்லாது. இது எனக்கு நல்லாத் தெரியும்.

பழைய_ஆவணம்:
பாதிதான் தெரிந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த 1925 வாரிசுரிமைச் சட்டத்தில் இந்துக்களின் உயிலுக்கு எந்தெந்தப் பிரிவு பொருந்தும் என்று 57ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் சொல்கின்றன. அட்டவணையில் 63, 64 இருக்கின்றன, அடுத்தது 68. 67 இல்லை. ஒரு கிறிஸ்தவர் எழுதிய உயிலாக இருந்தால் நீங்கள் சொன்னது சரி.

கரிசல்:
சரி, அட்டவணையில இல்லைன்னே வச்சுக்குவோம். சொத்து வாங்கறவங்க வீட்டுக்காரரே சாட்சின்னா கோர்ட் சந்தேகப்படாதா? உங்க கட்சிக்காரரா இருந்தா அவரைக் கூண்டுல ஏத்துவீங்களா?

பழைய_ஆவணம்:
செல்லாது என்பது ஒன்று, சந்தேகத்துக்கு இடம் என்பது வேறு. நீங்கள் எழுதியது முதலாவது.

கோடைமழை:
எப்படியும் ரெஜிஸ்டர் ஆன பத்திரம்தானே, சாட்சியே தேவைப்படாதே?

சாட்சிக்கூண்டு:
கோடைமழை, மற்ற பதிவுப் பத்திரங்களுக்கு அந்தச் சலுகை உண்டு, எழுதிக்கொடுத்தவர் மறுக்காத வரைக்கும். உயிலை மட்டும் சட்டம் அதிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 67ஆம் பிரிவு. பதிவானாலும் ஆகாவிட்டாலும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லியாக வேண்டும்.

மல்லி அம்மா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. ஆனால் வாரிசு உயிலையே மறுக்கும்போது வருவாய்த்துறை உரிமையைத் தீர்மானிக்க முடியாது, அங்கேயும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். காலத்தை அங்கே செலவழிக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது விளம்புகை வழக்கு, அதாவது நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பது. நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தால் விளம்புகையும், அண்ணன் குறுக்கிடாமலிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடையுத்தரவு) கேளுங்கள். அண்ணன் கையில் இருந்தால் சுவாதீனமும் (நிலத்தைக் கையில் ஒப்படைப்பது) சேர்த்தே கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் விளம்புகை மட்டும் கேட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 34ஆம் பிரிவில் வழக்கு அடிபடும். காலவரம்பு 3 ஆண்டு. உங்கள் உரிமையை அண்ணன் முதன்முதலில் மறுத்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது என்றே கணக்கு வையுங்கள்.

இந்த வழக்கு சாட்சியை நம்பித்தான் நிற்கும். உங்கள் கணவர் சாட்சி சொல்லத் தடையில்லை. ஆனால் கரிசல் கேட்டது நியாயமான கேள்வி. பயனடைபவர் உயில் எழுதும் வேலையில் கூடவே நின்றிருந்தால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். உச்ச நீதிமன்றத்தின் 1959 வேங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து இதுதான் நிலை. ஆகவே அந்த இரண்டாவது சாட்சி யார், இருக்கிறாரா, நினைவு தெளிவா என்பதுதான் முதல் கேள்வி. அவர் "என் கையெழுத்துதான்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்பா கையெழுத்திட்டதைப் பார்த்தேன், அவர் முன்னால் நான் போட்டேன், மற்ற சாட்சியும் அவர் முன்னால் போட்டார் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதை விட்டால் ஒரு சாட்சியின் கையெழுத்துதான் நிரூபணமாகும், சட்டம் கேட்பதோ இரண்டு. உச்ச நீதிமன்றத்தில் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உயில் விழுந்தது இப்படித்தான்.

வயதானவர் என்றால் வழக்கு போட்ட கையோடு, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் மூலம் அவர் வீட்டிலேயே சாட்சியம் பதிய மனு போடுங்கள். வெறும் பிரமாணப் பத்திரம் வாங்கி பீரோவில் வைப்பது உதவாது. குறுக்கு விசாரணை நடக்காத வாக்குமூலத்துக்கு அங்கே மதிப்பு இல்லை.

நிலவரம்:
அண்ணனைத் தவிர்த்ததுக்கு உயில்ல காரணம் ஏதாவது எழுதியிருக்கா? "மகனுக்கு ஏற்கனவே இன்னது கொடுத்துவிட்டேன்"னு ஒரு வரி இருந்தாக்கூட பெரிய பலம். அப்புறம், அண்ணன் வாரிசுச் சான்றை வச்சு தன் பாதின்னு யாருக்காவது கிரயம் பண்ணிடலாம். வழக்கு நிலுவையில இருக்கும்போது அப்படி வித்தா, வாங்கினவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். சீக்கிரம் போடச் சொல்றது அதுக்காகவும்தான்.

கரிசல்:
உயில் உண்மைன்னு கோர்ட் தர்ற சான்று, புரோபேட், அதை வாங்கிட்டா போதாதா?

சாட்சிக்கூண்டு:
புரோபேட் கோர்ட் உயில் உண்மையா என்று மட்டும்தான் பார்க்கும். "அது அப்பா சம்பாத்தியம் இல்லை, குடும்பப் பணத்தில் வாங்கியது" என்று அண்ணன் கிளப்பினால் மறுபடியும் சிவில் வழக்குதான். 1991 கிரயப் பத்திரத்தையும், அப்போது அப்பாவுக்கு இருந்த வருமானத்துக்கு ஆதாரத்தையும் இப்போதே தேடி எடுங்கள்.

மல்லி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னொரு சாட்சி அப்பாவோட சினேகிதர், 80 தாண்டிட்டார், ஞாபகம் நல்லா இருக்கு. சாகுபடி நாங்கதான் பண்றோம். காரணம் ஒரு வரி உயில்ல இருக்கு. நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறோம்.

நிலவரம்:
அண்ணன் ஆட்சேபணை மனுவுல தேதி என்ன மேடம்? அந்த மனு நகலையும் எடுத்துட்டுப் போங்க.