மதுரையில் ஈக்யூ ஸ்டாண்டு: வெயிட் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது, வியாழன் நடுவே கறுப்பு வட்டம். டெலஸ்கோப்பைத் திருப்பி அனுப்பலாமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம் உள்ள நியூட்டோனியன் டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேன். ஈக்யூ-2 வகை ஸ்டாண்டு (வானம் சுழலும் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைப்பது), 25 மி.மீ. மற்றும் 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்), 2 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்), குறிபார்க்கும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் எல்லாம் பெட்டியிலேயே வந்தன. பார்ப்பது வீட்டு மொட்டைமாடியிலிருந்து.

10 மி.மீ. ஐபீஸுடன் பார்லோவும் போட்டுத் தேடினால் ஒரு நட்சத்திரமும் சிக்கவில்லை. சிவப்புப் புள்ளி காட்டும் இடம் ஒன்று, குழாய்க்குள் தெரியும் இடம் வேறு. வியாழன் ஒருமுறை தட்டுப்பட்டது. பெரிய வெளுத்த வட்டம், அதன் நடுவே கறுப்பு வட்டம், குறுக்கே மெல்லிய கோடுகள். கண்ணாடியில் பழுதா?

அடுத்தது ஸ்டாண்டு. ஊரின் அட்சரேகையை வைக்கச் சொல்கிறது கையேடு. மதுரைக்கு 9.9 பாகை. ஆனால் 15-க்குக் கீழே இறங்க மறுக்கிறது, அந்த நிலையிலேயே வெயிட் கம்பி (குழாய்க்கு எதிர்ப்பாரம் மாட்டும் கம்பி) முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்செய்யலாம் என்றால் அந்தப் பக்கம் முழுக்க வீடுகள். இது நம் ஊருக்கு ஒத்துவராத ஸ்டாண்டா?


குழியாடி:

கண்ணாடி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஃபோகஸ் ஆகாத வியாழன். நடுவிலுள்ள கறுப்பு வட்டம், குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் சின்ன இரண்டாம் ஆடியின் நிழல். குறுக்குக் கோடுகள் அந்த ஆடியைத் தாங்கும் கம்பிகளின் நிழல். வட்டம் சிறுத்துக்கொண்டே போகும் திசையில் ஃபோகஸ் குமிழைத் திருப்புங்கள். வட்டம் பெரிதானால் உருப்பெருக்கம் கூடிவிட்டது என்று எண்ணித் தப்பான திசையிலேயே போகிறவர்கள் நிறைய. மிகச் சிறியதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும் இடமே சரியான இடம். அங்கே நெருங்கும்போது கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும்.

பார்லோவைச் சில வாரம் பெட்டியிலேயே வையுங்கள். உருப்பெருக்கம் என்பது 650-ஐ ஐபீஸின் மி.மீ. அளவால் வகுத்தால் வருவது. 25-க்கு 26 மடங்கு, 10-க்கு 65, பார்லோவும் சேர்ந்தால் 130. சாதாரண 50 பாகைப் புல ஐபீஸாக இருந்தால் 26 மடங்கில் ஏறக்குறைய 2 பாகை வானம் தெரியும்; முழு நிலா நான்கைப் பக்கம் பக்கமாக வைக்கலாம். 130 மடங்கில் 0.4 பாகைகூட இல்லை, ஒரு முழு நிலாவே அடங்காது. அவ்வளவு குறுகிய சாளரத்தில், ஃபைண்டரும் சரியில்லாமல், எதுவும் சிக்காது. எப்போதும் 25-இல் பிடித்து, நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகே 10-ஐ மாட்டுங்கள்.

ஃபைண்டரைப் பகலில் சரிசெய்யுங்கள். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் உள்ள செல்போன் டவரின் உச்சியை 25 மி.மீ.-இல் நடுவில் நிறுத்தி, திருகுகளைப் பூட்டி, குழாய் அசையாதபடி ஃபைண்டரின் இரண்டு சிறு திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அதே உச்சியில் உட்கார வையுங்கள். பிறகு 10 மி.மீ. மாட்டி மறுபடி ஒருமுறை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுக்காதீர்கள். ஃபைண்டர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதால், கிட்டத்தில் பொருந்தியது வானத்தில் விலகிப் போகும். டவர் தலைகீழாகத் தெரியும், இந்த வகை டெலஸ்கோப்புக்கு அது இயல்பு.

இன்னும் இரண்டு சோதனைகள். குழாய் மூடியில் சிறு மூடி ஒன்று தனியாகக் கழலும். அதை மட்டும் கழற்றிவிட்டுப் பெரிய மூடியை அப்படியே விட்டால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். நிலாவுக்குப் பரவாயில்லை, மற்றதெல்லாம் இருட்டு. அதேபோல் ஐபீஸ் மாட்டும் இடத்துக்கு 1.25 அங்குலம், 2 அங்குலம் என இரண்டு அடாப்டர் வந்திருந்தால் ஒன்றை மட்டும் போட வேண்டும். இரண்டையும் அடுக்கினால் குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஃபோகஸ் கிடைக்காது.

பகலில் வேலை செய்வதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: குழாயையோ ஃபைண்டரையோ சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பாதீர்கள், பார்வை போய்விடும். ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். சூரியனைப் பார்க்கக் குழாயின் வாய் முழுவதையும் மூடும் சூரியப் படலம் மட்டுமே பாதுகாப்பு.


துருவ அச்சு:

திருப்பி அனுப்பாதீங்க. ஸ்டாண்டு சரியாத்தான் இருக்கு. கையேட்டை 35, 40, 50 பாகை ஊர்க்காரங்களை நினைச்சு எழுதியிருக்காங்க. அங்கே வெயிட் கம்பி வடக்கே நல்லா விலகிச் சாய்ஞ்சு நிக்கும், அதனால ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்றாங்க. நமக்குக் கம்பி ஏறக்குறைய நேர் கீழே தொங்கும். அதே இடத்துல கால் இருந்தா இடிக்கத்தான் செய்யும்.

ஸ்டாண்டோட தலைப்பகுதி வடக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். கீழே நடு போல்ட்டைத் தளர்த்தி, முக்காலியை மட்டும் 60 பாகை திருப்புங்க. ஒரு கால் தெற்கே போயிடும், மற்ற ரெண்டுக்கும் நடுவுல வடக்கு வரும், கம்பி அந்த இடைவெளியில இறங்கும். பாரம் இப்போ கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கும், அதனால கால்களை நீட்டாம, முழுசா விரிச்சு வைங்க. ஆடுற மாதிரி தோணினா தெற்குக் கால்ல 2 லிட்டர் தண்ணி பாட்டிலைக் கட்டுங்க.

அட்சரேகை 15-லயே நிக்குதுன்னா முதல்ல எது தடுக்குதுன்னு பாருங்க. குழாயையும் வெயிட்டையும் கழற்றிட்டுப் பாருங்க, பாரத்தோட அந்தத் திருகைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் ரெண்டு போல்ட் இருக்கும், ஒன்றைத் தளர்த்தினாத்தான் இன்னொன்று நகரும். அப்பவும் இறங்கலைன்னா மீதி 5 பாகையை முக்காலியிலேயே எடுத்துக்கலாம். கால் நுனிகளுக்கு இடையே 80 செ.மீ. இருந்தா தெற்குக் காலை மட்டும் சுமார் 6 செ.மீ. உயர்த்துங்க, 5 பாகை சாய்வு கிடைச்சிடும். போன்ல லெவல் ஆப்பைத் திறந்து துருவ அச்சு (வடக்கே சாய்ஞ்சு நிக்கிற அச்சு) உடம்பு மேல வைச்சுப் பாருங்க. 10 காட்டினா வேலை முடிஞ்சது. ஸ்டாண்டுல ஒட்டியிருக்கிற அளவுகோலை நம்புறதைவிட இது மேல்.

துருவ நட்சத்திரம் மதுரையில அடிவானத்துலேர்ந்து பத்துப் பாகைதான். வீடு இல்லாட்டியும் புழுதியும் தெருவிளக்கும் மறைச்சிடும். கண்ணால பார்க்க மட்டும்னா அது தேவையே இல்லை, மாடியில வடக்கு-தெற்குக் கோடு ஒன்று சாக்பீஸால போட்டா போதும். ஒரு கயிற்றுல கல்லைக் கட்டித் தொங்கவிடுங்க. சூரியன் உச்சிக்கு வர்ற நேரத்துல கயிற்றோட நிழல் விழுற கோடுதான் அது. மதுரையில அந்த நேரம் 12 மணி கிடையாது. வருஷத்துல 12.01-க்கும் 12.32-க்கும் நடுவே மாறும், அன்றைய நேரத்தை வானியல் ஆப்புல பார்த்துக்கோங்க. ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் தலைக்கு நேர் மேல வர்றதால நிழலே இருக்காது, அந்த ரெண்டு சமயத்தையும் விட்டுடுங்க. போன் திசைகாட்டியும் பரவாயில்லை. ஆனா இரும்புக் காலுக்குப் பக்கத்துல வைச்சா தப்பாக் காட்டும், அதோட மாடித் தளத்துக்குள்ளேயும் கம்பி ஓடுது. அதனால நான் நிழல் கோட்டைத்தான் நம்புவேன்.

மாட்டும்போது வெயிட் முதல்ல, குழாய் அப்புறம். கழற்றும்போது குழாய் முதல்ல. இந்த வரிசை மாறினா தலைப்பகுதி சடார்னு சுழன்று விரலை நசுக்கும். கம்பி நுனியில இருக்கிற நட்டைக் கழற்றி வைக்கவே வைக்காதீங்க, வெயிட் உங்க காலில் விழாம தடுக்கிறது அதுதான். பிறகு கம்பி கிடைமட்டமா இருக்கும்போது ஆர்.ஏ. (துருவ அச்சுல சுத்துற அசைவு) பூட்டைத் தளர்த்தி, கையை விட்டாலும் நிக்கிற வரைக்கும் வெயிட்டை நகர்த்துங்க. டெக் (அதுக்குக் குறுக்கே இருக்கிற அச்சு) பூட்டுக்கும் அதே மாதிரி, அங்கே வளையத்துக்குள்ள குழாயை முன்னும் பின்னும் தள்ளணும். ஐபீஸ் மாட்டி, மூடியைக் கழற்றின பிறகுதான் இதைச் செய்யணும்.

இதெல்லாம் சரியா இருந்தா வியாழனை ஒருமுறை பிடிச்சா ஆர்.ஏ. குமிழ் ஒன்றை மட்டும் மெதுவாத் திருப்பிட்டே இருக்கலாம். திருப்பாம விட்டா 65 மடங்குல மூணு நிமிஷத்துல பார்வையைவிட்டுக் கடந்து போயிடும். மேலேயோ கீழேயோ விலகினா வடக்கு கொஞ்சம் தப்புன்னு அர்த்தம், அப்பப்போ டெக் குமிழைத் தொட்டுச் சரிபண்ணிக்கலாம்.


வைகைக்கரை:

முக்காலியைத் திருப்பியதும் இடிப்பது நின்றுவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. வியாழனும் நான்கு நிலாக்களும் 10 மி.மீ.-இல் தெரிகின்றன. ஆனால் வியாழனின் மேகப் பட்டைகள் நிலையாகத் தெரியவில்லை, கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளிகிறது. ஆடிகளை நேர்செய்ய வேண்டுமா? அடுத்து எதைப் பார்க்கலாம்?


தென்வானம்:

நெளிவது காற்று. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தளம் முன்னிரவில் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன் மேலேயே நீங்கள் பார்க்கிறீர்கள். குழாயை 40 நிமிடம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே கொண்டுவந்தால் ஆடியில் நீர் பூத்துவிடும் என்பதால் மூடியோடு வெளியே வைத்துப் பிறகு திறப்பது நல்லது. கிரகம் உயரே ஏறிய பிறகு, முடிந்தால் இரவு பத்துக்கு மேல் பாருங்கள். ஐபீஸில் தொடர்ந்து பத்து நிமிடமாவது கண்ணை வையுங்கள், காற்று அடங்கும் ஓரிரு நொடிகளில் இரண்டு பட்டைகளும் பளிச்சென்று வரும். வியாழன் பிரகாசமாக இருக்கும் மாதங்களில் 65 மடங்கில் அதன் வட்டம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலாவைவிடப் பெரியதே. சின்னதாகத் தோன்றுவது பழக்கமில்லாத கண்ணுக்கு. அந்தப் பழக்கம் வந்த பிறகு, காற்று அசையாத இரவில் மட்டும் பார்லோவை எடுங்கள்.

நேர்செய்வதற்கு முன் சோதியுங்கள். உயரத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை 10 மி.மீ.-இல் நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றே விலக்கினால் வளையங்கள் தெரியும். கறுப்பு நிழல் அவற்றின் நடுவில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், நிழல் ஒதுங்கிய அதே பக்கத்துக்கு நட்சத்திரத்தைப் புலத்தின் ஓரம்வரை கொண்டுபோங்கள். பிறகு குழாயின் அடியில் உள்ள மூன்று பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகுகளால் நட்சத்திரத்தை நடுவுக்கு இழுங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் ஆடியின் திருகுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதைக் கலைத்தால் மீட்பது சிரமம்.

பார்ப்பதற்கு நிலா, ஆனால் பௌர்ணமி அன்று வேண்டாம். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் ஒளியும் இருளும் சேரும் கோட்டோரம் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். கார்த்திகைக் கூட்டம் 25 மி.மீ.-இல் முழுதாக அடங்கும், 10-இல் முழுதாக அடங்காது. ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் வாள் பகுதியில் உள்ள ஓரியன் நெபுலாவுக்குக் (ஒளிரும் வாயு மேகம்) கண்ணை இருபது நிமிடமாவது இருட்டுக்குப் பழக்குங்கள், இடையில் போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். வானத்திலேயே மிகப் பெரிய கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம்) அது. வடக்கே 45 பாகையில் இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலேயே வராது, மதுரையில் 32 பாகை உயரம் ஏறும். 26 மடங்கில் மங்கிய பஞ்சு உருண்டை, ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் 65 மடங்கில் ஓரங்கள் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரியும்.

பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடிவிடாதீர்கள். அறைக்குள் குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஆடி காய்ந்த பிறகு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். மூடிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஆடியில் தூசி தெரிந்தால் துணியால் துடைக்க வேண்டாம். அந்தத் தூசியால் காட்சி குறையாது, துடைத்தால் விழும் கீறல் போகாது.